வடசென்னையில் கல்லூரி முதல் செமஸ்டர்: சேர்ந்த நாள் முதல் ரிசல்ட் வரை

வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரிகளில் சேர்கிற பலர், அவர்கள் வீட்டில் கல்லூரிப் படியேறும் முதல் ஆள். பள்ளியில் மிரட்டியாவது, அம்மாவைக் கூட்டிவரச் சொல்லியாவது வேலையை முடித்துவிடுவார்கள். கல்லூரியில் யாரும் மிரட்ட மாட்டார்கள். நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டுவார்கள். தேதி போனால் போனதுதான். முதல் செமஸ்டரில் அரியர் வைக்கிறவர்கள் பாடம் புரியாமல் விழுவதைவிட, இங்குள்ள கணக்குகள் தெரியாமல் விழுவதே அதிகம்.

கீழே உள்ள மதிப்பெண், வருகை விதிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் வழக்கத்தில் இருப்பவை. பாரதி மகளிர் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் வினாத்தாளும் மதிப்பெண் பிரிப்பும் தாமே வகுத்துக்கொள்ளும். அங்கே சேர்ந்தவர்கள் கல்லூரிக் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம்

அசல் சான்றிதழ்களைக் கொடுக்கும் முன் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், டி.சி. எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து ஜெராக்ஸ் கையில் இருக்கட்டும். டி.சி. உள்ளே போனால் படிப்பு முடித்து வெளியே வரும்போதுதான் வேறு டி.சி. கிடைக்கும். நடுவில் ஏதாவது வேலைக்கோ தேர்வுக்கோ கேட்டால் ஜெராக்ஸும், இங்கே படிக்கிறார் என்று கல்லூரி தரும் போனஃபைடு சான்றிதழும்தான் துணை.

அடுத்தது பெயர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் மட்டும் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் முன்னால் வந்திருக்கும். சேர்க்கைப் பதிவேட்டில் பத்தாம் வகுப்புப் பட்டியலில் உள்ள எழுத்துப்படியே இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். ஆதாரை அதற்கு ஏற்ப மாற்றுவது எளிது. பட்டச் சான்றிதழில் தப்பாக அச்சான பெயரை மாற்றுவது படாத பாடு.

பாடத்திட்டத்தை முதல் வாரமே இறக்கிக்கொள்ளுங்கள். பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறு மொழி, பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று உங்கள் மெயின் பாடமும் அலைடு என்கிற துணைப் பாடமும். பகுதி நான்கில் வரும் சிறிய பாடங்களைத்தான் எல்லோரும் அலட்சியம் செய்வார்கள். அதில் ஒன்று நின்றாலும் பட்டம் நிற்கும். அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சி வகுப்பும் அப்படித்தான். டைம்டேபிளில் இருந்தால் அதற்கும் வருகை உண்டு.

வாட்ஸ்அப் குழுவில் சேருங்கள், ஆனால் அதையே நம்பாதீர்கள். "நாளைக்கு லீவாம்" என்பதை முதலில் போடுகிறவர் வழக்கமாக லீவு வேண்டும் என்று நினைப்பவர்.

68 நாள்

ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று கணக்கு. அதில் 75 சதவீதம் இருந்தால்தான் தேர்வு எழுதலாம். 90-இல் 75 சதவீதம் 67.5, அதாவது 68 நாள். மொத்தம் 22 நாள்தான் உங்கள் கையில் இருக்கிறது. 65 முதல் 74 சதவீதம் வரை வந்தவர் கண்டோனேஷன் (வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான) கட்டணம் கட்டி, தகுந்த காரணம் காட்டி எழுதலாம். 50 முதல் 64 வரை என்றால் அந்த செமஸ்டர் தேர்வு கிடையாது, அடுத்த முறைதான். 50-க்கும் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும்.

22 நாள் பெரிதாகத் தெரியும். ஆகஸ்டில் ஆடி மாதக் கோயில் கூழ், செப்டம்பரில் அக்கா கல்யாணம், அக்டோபரில் ஒரு வாரம் காய்ச்சல், நவம்பரில் தெருவில் முழங்கால் தண்ணீர் என்று போய்விட்டால் மிச்சம் ஒன்றும் இருக்காது. அதனால் முதல் இரண்டு மாதத்தில் ஐந்து நாளுக்கு மேல் எடுக்காதீர்கள். மழைக்கும் காய்ச்சலுக்கும் கடைசி இரண்டு மாதத்தில்தான் அது தேவைப்படும்.

இன்னொரு பொறி உண்டு. கடைசி பீரியடை விட்டுவிட்டு ரயிலைப் பிடிக்கப் போகிறவர்கள், முழு நாளும் வந்ததாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். எத்தனை பீரியட் விட்டால் அரை நாள் போகும் என்பது துறைக்குத் துறை மாறும். வகுப்பு ஆசிரியரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விளையாட்டு, என்.சி.சி., என்.எஸ்.எஸ். என்று வெளியே போனால் ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தை அந்த வாரமே கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். செமஸ்டர் கடைசியில் ஓ.டி. தாளைத் தூக்கிக்கொண்டு அலைகிறவருக்கு யாரும் வழிவிடுவதில்லை.

இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75

கல்லூரியே டெஸ்ட், அசைன்மென்ட் வைத்துப் போடுவது இன்டர்னல். செமஸ்டர் கடைசித் தேர்வில் வாங்குவது எக்ஸ்டர்னல். இளநிலையில் தேர்ச்சிக்கு இரண்டு நிபந்தனை. எக்ஸ்டர்னலில் 75-க்கு 30 வாங்க வேண்டும். இரண்டும் சேர்த்து 100-க்கு 40 வர வேண்டும். இன்டர்னலுக்கு என்று தனியாகக் குறைந்தபட்சம் கிடையாது. இதைப் பாதி புரிந்துகொண்டுதான் ஆட்கள் மாட்டுகிறார்கள்.

இன்டர்னல் 22, எக்ஸ்டர்னல் 28 வாங்கியவருக்கு மொத்தம் 50. ஆனாலும் ஃபெயில், 30 தொடவில்லை. இன்டர்னல் 5, எக்ஸ்டர்னல் 32 வாங்கியவருக்கு 37. இவரும் ஃபெயில். இரண்டாமவர் நிலைமைதான் மோசம். அரியர் எழுதும்போது எக்ஸ்டர்னலை மட்டுமே திரும்ப எழுதுவார். அந்த 5 கூடவே வரும். ஒவ்வொரு முறையும் அவருக்குத் தேர்ச்சிக் கோடு 30 இல்லை, 35.

25 மதிப்பெண்ணின் வழக்கமான பிரிப்பு: மூன்று டெஸ்டில் சிறந்த இரண்டுக்கு 10, அசைன்மென்டுக்கு 5, செமினாருக்கு 5, வருகைக்கு 5. இதில் அறிவு சோதிக்கப்படுவது 10-க்குத்தான். மீதி 15 நேரத்துக்கு வருவதற்கும் நேரத்துக்குக் கொடுப்பதற்கும். அசைன்மென்டை நெட்டிலிருந்து எடுத்து ஒட்டினால் தெரிந்துவிடும். கையால் ஆறு பக்கம் எழுதி, முதல் பக்கத்தில் பாடக் குறியீடு, பதிவு எண், ஷிஃப்ட் (காலை வகுப்பா, மதிய வகுப்பா) எல்லாம் போட்டுக் கொடுங்கள். செமினாருக்குப் பெயர் கொடுக்கச் சொன்னால் முதல் பத்துப் பேரில் கொடுத்துவிடுங்கள். ஆசிரியர் பொறுமையாகக் கேட்பது அவர்களைத்தான்.

டெஸ்ட் தவறிவிட்டால் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று காரணத்தைக் கதையாக்க வேண்டாம். "மேடம், போன புதன்கிழமை டெஸ்டுக்கு உடம்பு சரியில்லாம வர முடியல. சீட்டு கொண்டுவந்திருக்கேன். ரீடெஸ்ட் வெச்சா எழுதிடுறேன் மேடம்." இவ்வளவு போதும். மருத்துவமனைச் சீட்டில் தேதி இருக்கட்டும்.

உதவித்தொகை: எங்கே சிக்குகிறது

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். 2022 செப்டம்பர் 5-இல் அது தொடங்கப்பட்டது நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான். மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது, அதுவும் 1000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. இது போக ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகைகள் தனி. இவற்றில் பலவற்றுக்கு வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். ஒன்றை வாங்கினால் மாதம் 1000 ரூபாய் நின்றுவிடும் என்று சொல்வார்கள். நிற்காது.

வரிசையாகச் செய்ய வேண்டியவை:

1. பள்ளியில் உங்களுக்குக் கொடுத்த எமிஸ் எண்ணை (மாணவர் அடையாள எண்) எடுத்துவையுங்கள். கல்லூரியில் உங்களுக்கு யூமிஸ் எண் உருவாக்குவார்கள். அது இல்லாமல் எந்த உதவித்தொகையும் நகராது.
2. வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் புதிதாக எடுங்கள். அது ஓராண்டுக்குத்தான் செல்லும். போன ஆண்டுத் தாளை நீட்டிப் பலர் திரும்பி வருகிறார்கள். சாதிச் சான்றிதழ் பழைய கையெழுத்து அட்டையாக இருந்தால் அதையும் ஆன்லைன் சான்றிதழாக மாற்றுங்கள், ஏனென்றால் சான்றிதழ் எண்ணை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.
3. ஆதாரில் உள்ள செல் எண் இப்போது உங்கள் வீட்டில் உயிரோடு இருக்கும் எண்ணா என்று பாருங்கள். ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.
4. வங்கிக் கணக்கு.

நான்காவதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். நீங்கள் எந்தக் கணக்கு எண்ணை எழுதிக் கொடுத்தாலும், பணம் போவது கடைசியாக ஆதாரோடு இணைத்த வங்கிக்கு. பள்ளியில் திறந்த கணக்கு ஒன்று, கல்லூரியில் திறந்தது ஒன்று, கேஸ் மானியத்துக்கோ ரீசார்ஜ் கடையில் பேமென்ட் பேங்க் என்று கட்டைவிரல் வைத்ததோ இன்னொன்று. மூன்றாவதில் பணம் ஏறிக்கொண்டிருக்கும். இரண்டாவதை வைத்துக்கொண்டு "எனக்கு மட்டும் வரல சார்" என்று அலுவலகத்தில் நிற்பார்கள். ஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங்' நிலையைத் திறந்தால் எந்த வங்கி என்று ஒரு நிமிடத்தில் தெரியும். வேறு வங்கிக்கு மாற்ற வேண்டுமானால் அந்த வங்கிக் கிளையிலேயே படிவம் கொடுக்க வேண்டும். பள்ளிக் காலத்து மைனர் கணக்காக இருந்தால், 18 வயது முடிந்ததும் கே.ஒய்.சி. புதுப்பியுங்கள். இல்லாவிட்டால் பணம் வரும், எடுக்க முடியாது.

போக்குவரத்து

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் பக்கமிருந்து வருகிறவர்கள் ரயிலின் பெயர்ப் பலகையைப் பார்த்து ஏறுங்கள். கொருக்குப்பேட்டை தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். பீச் ரயில் வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வழியாகப் போகும். சென்ட்ரல் ரயில் பேசின் பிரிட்ஜ் பக்கம் திரும்பிவிடும். வியாசர்பாடிக்குப் போகிறவர்களுக்கு வியாசர்பாடி ஜீவா நிலையம், அது அரக்கோணம் தடத்தில் இருக்கிறது. பேசின் பிரிட்ஜில் இறங்கி மாற வேண்டும். மெட்ரோ 2021 முதல் விம்கோ நகர் வரை ஓடுகிறது. சர் தியாகராயா கல்லூரிக்கு அதே பெயரில் நிலையமே உண்டு. தினமும் மெட்ரோவில் போனால் கட்டுப்படியாகாது. மழை நாளுக்கும் தேர்வு நாளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு ஸ்டேஷனிலிருந்து கல்லூரி ஸ்டேஷன் வரை மாணவியருக்குப் பட்டப்படிப்பு முடியும் வரை ரயில் மாத சீசன் இலவசம். மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணம். இரண்டுக்கும் கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு மாநகரப் பேருந்தில் இலவச பாஸ் உண்டு. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குப் பாஸே தேவையில்லை.

டி.எச். ரோட்டிலும் (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) எண்ணூர் நெடுஞ்சாலையிலும் கன்டெய்னர் லாரி வரிசை கட்டினால் பத்து நிமிட தூரம் ஒரு மணி நேரமாகும். ரயில்வே கேட் தாண்டி வருகிறவர்களும் இருபது நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் நாளில் வழக்கமான பேருந்துக்கு முந்தின பேருந்து.

ரூட்டு

இதைச் சொல்லாமல் சென்னைக் கல்லூரி வழிகாட்டி எழுத முடியாது. பேருந்துத் தடத்தையோ ரயில் தடத்தையோ வைத்து மாணவர்கள் கூட்டம் சேர்வதுதான் 'ரூட்டு'. அதற்கு ஒரு 'தல' இருப்பார். முதல் வாரம் சீட் பிடித்துத் தருவார்கள், சமோசா வாங்கித் தருவார்கள், "எந்த ஸ்கூல்டா தம்பி" என்று அன்பாகக் கேட்பார்கள். பிறகு ஃபுட்போர்டில் நிற்கச் சொல்வார்கள், பேருந்தின் பக்கவாட்டில் தட்டிக்கொண்டு கத்தச் சொல்வார்கள், பிறந்தநாளுக்கும், பேருந்தை வைத்துக் கொண்டாடும் பஸ் டேக்கும் பணம் கேட்பார்கள். அடுத்த கட்டம் வேறு கல்லூரி ரூட்டோடு பிளாட்பாரத்தில் மோதல்.

அதில் ஒரு எஃப்.ஐ.ஆரில் பெயர் ஏறினால் கல்லூரி நடவடிக்கை சின்ன விஷயம். காவலர் தேர்வு, அரசு வேலை, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் போலீஸ் விசாரணையின்போது அந்த வழக்கு வந்து நிற்கும். வீடியோவில் ஓரமாக நின்றவரையும் தேடிப் பிடிக்கிறார்கள். சேரவில்லை என்று மார்தட்டிச் சண்டை போடவும் வேண்டாம். ஒரு பேருந்து முன்னதாக ஏறுங்கள், முன்பக்கம் உட்காருங்கள், ரயிலில் பெட்டியை மாற்றுங்கள், "வீட்ல பார்ட் டைம் வேலை இருக்குண்ணா" என்று நழுவுங்கள். ஒரு மாதத்தில் விட்டுவிடுவார்கள். கானா பாடத் தெரிந்தால் கல்லூரி விழா மேடையில் பாடுங்கள். வடசென்னைக்காரர்களுக்கு அந்த மேடையில் கைதட்டல் குறைந்ததே இல்லை.

சீனியர்களை அண்ணா, அக்கா என்று கூப்பிட்டு, வினாத்தாள் இருக்கிறதா என்று கேட்பது வேறு. அவர்கள் கட்டாயப்படுத்தி ஆடச் சொல்வது, பணம் பிடுங்குவது, அடிப்பது வேறு. தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் 1997 முதல் இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். தேசிய ராகிங் எதிர்ப்பு உதவி எண் 1800-180-5522. மாணவியர் பாலியல் தொல்லைக்குக் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். மனசு சரியில்லை, தூக்கமில்லை என்றால் மனநல உதவி எண் 14416-க்குத் தமிழிலேயே பேசலாம்.

ஆங்கிலமும் படிக்க இடமும்

தமிழ் வழியில் படித்து பி.காம்., பி.எஸ்சி. ஆங்கில வழியில் சேர்ந்தவர்களுக்கு முதல் இரண்டு மாதம் தலை சுற்றும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்ட ஓடாதீர்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடநூல்களின் தமிழ், ஆங்கிலப் பதிப்புகள் இரண்டும் பாடநூல் கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே பாடத்தை இரண்டிலும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தேய்மானம் என்று நீங்கள் நன்றாகப் படித்ததைத்தான் டிப்ரிசியேஷன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இருப்புநிலைக் குறிப்புதான் பேலன்ஸ் ஷீட். பாடத்துக்கு நாற்பது சொல் ஒரு நோட்டில் ஏறினால் வகுப்பு காதில் விழ ஆரம்பிக்கும்.

ஹவுசிங் போர்டில் ஒரே அறை, அதில் டிவி, தம்பி, பாட்டி என்றால் படிப்பு நடக்காது. வகுப்பு முடிந்ததும் கல்லூரி நூலகத்தில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வாருங்கள். கொளத்தூரில் 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகத்தில் படிக்கத் தனி இடம் உண்டு, முன்பதிவு செய்ய வேண்டும். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பெரிய பாடப் புத்தகங்களை உட்கார்ந்து பார்க்கலாம். பழைய புத்தகத்துக்கு சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் மூர் மார்க்கெட். நோட்டு, ரெக்கார்டு, சார்ட் மொத்தமாக வேண்டுமானால் நான்கு பேர் சேர்ந்து பாரிமுனை ஆண்டர்சன் தெரு. மதியம் பசித்தால் அம்மா உணவகத்தில் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். அங்கே சாப்பிட வெட்கப்படுகிறவர்கள் மாதக் கடைசியில் கடன் கேட்பார்கள்.

பார்ட் டைம் வேலை

ஷிஃப்ட் இரண்டில் இருப்பவர்கள் காலையில் பாரிமுனைக் கடைகளில் பில் போடப் போகலாம். ஷிஃப்ட் ஒன்றுக்கு மாலை. கேட்டரிங் சர்வீஸை ஞாயிறு, முகூர்த்த நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரவு ரிசப்ஷன் முடித்து இரண்டு மணிக்கு வந்தால் காலை வகுப்பு போச்சு, 22-இல் ஒன்று போச்சு.

"அக்கவுன்டை மட்டும் கொடு, கமிஷன் தரோம்" என்று யாராவது கேட்டால் ஏடிஎம் கார்டு, சிம், பாஸ்புக் எதையும் கொடுக்காதீர்கள். கேட்பது பழைய வகுப்புத் தோழனாகவே இருக்கலாம். மோசடிப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும். கணக்கு முடங்கும், உதவித்தொகையும் அதில் சிக்கும், போலீஸ் வருவது உங்கள் வீட்டுக்கு.

மழையும் தேர்வும்

முதல் செமஸ்டர் தேர்வும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகத்தான் வரும். விடுமுறை அறிவிப்பைக் கடைசிச் சொல் வரை கேளுங்கள்: "பள்ளிகளுக்கு மட்டும்" என்பதற்கும் "பள்ளி, கல்லூரிகளுக்கு" என்பதற்கும் ஒரு நாள் வருகை வித்தியாசம். மீஞ்சூர், பொன்னேரி திருவள்ளூர் மாவட்டம். அங்கே விடுமுறை விட்டாலும் சென்னைக் கல்லூரி திறந்திருக்கும். தேர்வு ஒத்திவைப்பைப் பல்கலைக்கழகமோ கல்லூரியோதான் சொல்ல வேண்டும், கலெக்டர் விடுமுறை விட்டதாலேயே வீட்டில் இருந்துவிடாதீர்கள். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை தண்ணீரில் நிற்கும் நாளுக்கு மாற்று வழியை முன்பே ஒருமுறை போய்ப் பார்த்து வையுங்கள். ஹால் டிக்கெட்டை பிளாஸ்டிக் கவரில் போடுங்கள்.

மூன்று மணி நேரம், 75 மதிப்பெண். வழக்கமான வினாத்தாளில் இரண்டு மார்க் 10, ஐந்து மார்க் 5, பத்து மார்க் 3 எழுத வேண்டும். இரண்டு மார்க் ஒவ்வொன்றுக்கும் 4 நிமிடம், ஐந்து மார்க்குக்கு 12, பத்து மார்க்குக்கு 22 என்று வைத்தால் 166 நிமிடம். மிச்சம் 14 நிமிடம் கேள்வி எண்களைச் சரிபார்க்க. தோற்பவர்கள் பலர் இரண்டு மார்க்கிலேயே ஒரு மணி நேரத்தைத் தின்றுவிட்டுக் கடைசிப் பத்து மார்க்கைத் தொடாமல் வருகிறவர்கள். கேள்வி எண்ணைத் தப்பாகப் போட்டால் எழுதியது வீண்.

ரிசல்ட் வந்ததும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். 26, 28 என்று நின்றிருந்தால் விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு எதற்கு விண்ணப்பிக்கலாம் என்று அன்றைக்கே தேதி பாருங்கள். சில நாள்தான் திறந்திருக்கும். நகலைப் பாட ஆசிரியரிடம் காட்டி, ஏறும் என்று அவர் சொன்னால் மட்டும் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுங்கள். மறுமதிப்பீட்டு முடிவு வருவதற்குள் அடுத்த தேர்வுக் கட்டணத் தேதி வந்துவிட்டால் அரியர் கட்டணத்தையும் கட்டிவிடுங்கள், ரசீதை மதிப்பெண் பட்டியலோடு சேர்த்து வையுங்கள். ஏப்ரலில் இரண்டாம் செமஸ்டர் பாடங்களோடு சேர்த்து அதையும் எழுதிவிடலாம்.